நம் ஊரை ஆளும் மன்றம்

சென்ற கல்வியாண்டின் தொடக்கத்தில் ஒருநாள் பத்தாம் வகுப்பில் குடிமையியல் பாடம் நடந்துகொண்டிருந்தது. "நம்மை ஆள்பவர் யார்?" என்று கேட்டேன். பிரதமர் என்றாள் ஒருத்தி. முதலமைச்சர் என்றாள் மற்றொருத்தி. முன் வரிசையிலிருந்த ஒரு மாணவி, இது ஞானோபதேச வகுப்பென்று எண்ணிவிட்டாளோ என்னவோ, "ஆண்டவர், டீச்சர்" என்றாள். வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியபின் கடைசி வரிசையிலிருந்து மெல்லிய குரல் ஒன்று கேட்டது: "தண்ணி திறந்துவிடுற அண்ணன், டீச்சர். அவர் வரலேன்னா எங்க தெருவுல ஒருத்தரும் பள்ளிக்கூடம் வர முடியாது."

மீண்டும் சிரிப்பு. ஆயினும் அன்று கிடைத்த விடைகளுள் பாடத்திற்கு மிக அருகில் வந்தது இதுதான். "உங்கள் வீடு எத்தனையாவது வார்டு?" என்று அடுத்துக் கேட்டேன். 42 மாணவியருள் 5 பேருக்குத் தெரிந்திருந்தது. வார்டு உறுப்பினரின் பெயரைச் சொன்னவர்கள் இருவர். அவர்களுள் ஒருத்திக்கு அந்த உறுப்பினர் சித்தி முறை.

பின்னர், நம் பள்ளி வாயிலில் மழைக்காலந்தோறும் சாக்கடை பொங்கி வழிகிறதே, அதைச் சீர்செய்ய வேண்டியவர் யார் என்று வினவினேன். மதர் என்றனர் சிலர். கலெக்டர் என்றனர் சிலர். எம்.எல்.ஏ. என்றனர் பலர். பேரூராட்சி மன்றம் என்று ஒருவரும் சொல்லவில்லை. நாள்தோறும் நாம் அதன் அலுவலகத்தைக் கடந்தே பள்ளிக்கு வருகிறோம். ஆகவே அவ்வாண்டு முழுவதும் அந்த மன்றத்தைப் பற்றி அறிந்துகொள்வதென்றும், நம் வாயிற் சாக்கடைக்காக ஒரு மனு எழுதி அது செல்லும் வழியைத் தொடர்ந்து பார்ப்பதென்றும் தீர்மானித்தோம். அவ்வாறு அறிந்தவற்றுள் சிலவற்றை இங்கு எழுதுகிறேன்.

ஊரைப் பற்றி ஊரார் கூடி முடிவு செய்வது நமக்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் முறையைக் கூறுகின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இன்று நாம் வார்டு என்பதை அன்று குடும்பு என்றனர். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு ஓலையை எடுக்கச் செய்வர். அதை வாங்குகிறவர் ஐந்து விரலும் விரியக் கையை நீட்டி உள்ளங்கையில் ஏற்றுக்கொண்டு, யாவரும் கேட்கப் படிக்க வேண்டும். கையில் வேறோர் ஓலை ஒளிந்திருக்கலாகாது என்பதற்காக இந்த ஏற்பாடு. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எனப் பணிக்கொரு வாரியம் இருந்தது.

அக்கல்வெட்டில் என் மனத்தைத் தொட்ட விதி ஒன்றுண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வரமுடியாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் வரமுடியாது. கணக்குக் காட்டாத அண்ணனுக்குப் பதில் தம்பியை அனுப்பும் வித்தை பத்தாம் நூற்றாண்டிலேயே பழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இல்லையேல் இப்படியொரு விதி எழுந்திராது.

இதைச் சொல்லிப் பெருமைப்படும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அது பிராமணர்க்குத் தானமாக அளிக்கப்பட்ட ஊரின் சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உடைய 35 வயது முதல் 70 வயது வரையுள்ள ஆண்கள் மட்டுமே குடத்தில் பெயரிடப்பட்டனர். நிலத்தை உழுதவர்களுக்கும், ஏரியில் மண் சுமந்தவர்களுக்கும், பெண்கள் எவர்க்கும் அங்கு ஓலை இல்லை. அதே உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. 18 வயது நிரம்பி வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் வாக்களிக்கலாம். 21 வயதானால் வேட்பாளராக நிற்கலாம்.

ஆங்கிலேயர் காலத்தில் இதற்குப் புது வடிவம் தந்தவர் ரிப்பன் பிரபு. சென்னையில் ரிப்பன் மாளிகை என்று கேட்டிருப்பீர்கள். நம் பள்ளி மலரில் அவரைப் பற்றி இரண்டு வரி கூடுதலாக எழுதக் காரணமுண்டு. பிரதமரின் மகனாக இலண்டன் டவுனிங் தெருவில் 10-ஆம் எண் இல்லத்தில் பிறந்த அவர், 1874-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். அதற்காகத் தாம் வகித்த பெரிய பதவியொன்றைத் துறந்தார். நாட்டில் பலருடைய ஏளனத்துக்கும் ஆளானார். 1880-இல் வைசிராயாக இந்தியாவுக்கு வந்து, 18-5-1882 அன்று தலசுய ஆட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். ஊர் நிருவாகம் உடனே சிறந்துவிடும் என்பதற்காக இதைச் செய்யவில்லை, மக்கள் பொதுக் காரியம் நடத்தப் பழக வேண்டும் என்பதற்காகவே செய்கிறேன் என்பது அத்தீர்மானத்தின் கருத்து. ஊர் மன்றத்தை அவர் ஒரு பள்ளிக்கூடமாகக் கண்டார் எனலாம். பள்ளிக்கூடத்தில் தவறு செய்ய இடமுண்டு அல்லவா?

அதன்பின் வந்த சட்டங்களை விரைந்து பார்ப்போம். 1884, 1920-ஆம் ஆண்டுகளில் உள்ளூர்க் கழகச் சட்டங்கள் வந்தன. காமராசர் முதலமைச்சராயிருந்த காலத்தில், 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 5,000 பேருக்கு மேல் வாழ்ந்து ஆண்டு வருமானம் 10,000 ரூபாய்க்குக் குறையாத ஊர்கள் டவுன் பஞ்சாயத்துகளாயின. நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் 'பஞ்சாயத்து போர்டு' என்று சொல்வதைக் கேட்கிறோம். 1981-இல் பேரூராட்சிகளுக்கென்று தனி இயக்ககம் ஏற்பட்டது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தலைக் கட்டாயமாக்கியது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. தமிழ்நாட்டில் 2016-இல் அது பாதியாக உயர்ந்தது.

கட்டாயம் என்று சொன்னேன். ஆனால் நடந்தது வேறு. 1986-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் 1991-இல் முடிந்தபின், அடுத்த தேர்தல் 1996-இல்தான் வந்தது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தலைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பழங்குடியினர்க்குரிய இட ஒதுக்கீடு முறைப்படி செய்யப்படவில்லை என்பது வழக்கு. பின்னர் 19-2-2022 அன்றுதான் நகர்ப்புறங்களில் வாக்குப்பதிவு நடந்தது. 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகளுக்கு அத்தேர்தல் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் தனி அலுவலர்களே எல்லாவற்றையும் கவனித்தனர்.

"அதனால் என்ன டீச்சர், தண்ணீர் வந்தது, விளக்கு எரிந்ததே?" என்று ஒரு மாணவி கேட்டாள். உண்மைதான், வந்தது, எரிந்தது. ஆனால் ஒரு தெருவில் எரியாவிட்டால், அந்தத் தெருவார் யாரிடம் போய் உரிமையோடு கேட்பது? தனி அலுவலர் நல்லவராக இருக்கலாம். ஆயினும் அவர் அந்தத் தெருவின் வாக்கைப் பெற்று வந்தவர் அல்லர்.

இனி அன்றாட அலுவலுக்கு வருவோம். பேரூராட்சியின் நாள் விடியுமுன் தொடங்குகிறது. நமக்குத் திருப்பலி மணி அடிக்கும் வேளையில், மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியின் அடியில் ஒருவர் வால்வைத் திருகிக்கொண்டிருப்பார். நம் கடைசி வரிசை மாணவி சொன்ன 'அண்ணன்' அவர்தாம். 1999-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட குடிநீர்க் கையேட்டில், பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டரும், அது இல்லாத ஊர்களில் 70 லிட்டரும் அளவாகச் சொல்லப்பட்டது. 12,000 பேர் வாழும் ஊர் என்று வைத்துக்கொண்டு வகுப்பில் கணக்குப் போட்டோம். 70 லிட்டர் வீதம் 8,40,000 லிட்டர் வந்தது. ஒரு லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றே இருந்தால் அதை நாளுக்கு எட்டு முறைக்கு மேல் நிரப்பியாக வேண்டும். நிரப்ப மோட்டார் வேண்டும்; மோட்டாருக்கு மின்சாரம் வேண்டும்; மின்சாரத்துக்குக் கட்டணம் செலுத்த வேண்டும். குழாயில் வரும் நீர் இலவசமென்று எண்ணிக்கொண்டிருந்த மாணவியர் அன்று சற்று யோசித்தனர்.

நீரில் குளோரின் கலப்பதும் அன்றாட வேலை. தொட்டியில் கலந்தால் மட்டும் போதாது. கடைக்கோடி வீட்டுக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. சிறு குப்பியில் நீர் பிடித்து மருந்துத் துளி விட்டால் மஞ்சள் நிறம் தோன்றும். அதன் சாயலைக் கொண்டு அளவை அறிவார்கள். "மருந்து வாசம் அடிக்கிறது" என்று நீரைக் கொட்டிவிடும் தாய்மார்கள் இதைப் படிக்க வேண்டுமென்று விரும்புகிறேன். அந்த வாசம் காலராவையும் டைபாய்டையும் விரட்டும் வாசம்.

அதே நேரத்தில் தூய்மைப் பணியாளர்கள் தெருவுக்கு வந்துவிடுகிறார்கள். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுப்பதை 2016-ஆம் ஆண்டு விதிகள் வீட்டுக்காரரின் கடமையாக்கின. நாம் பிரிக்காவிட்டால் அவர்கள் வெறுங்கையால் பிரிக்கிறார்கள். உடைந்த கண்ணாடியைக் காகிதத்தில் சுற்றாமல் போடுகிறோமே, அது யாருடைய விரலைத் தேடிப் போகிறதென்று நினைத்துப் பார்த்ததுண்டா?

பத்து மணிக்கு அலுவலகம் திறக்கிறது. அங்கே வருவோரில் பலர் வருவது பிறப்பு, இறப்புச் சான்றுக்காக. 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணமில்லை. ஓராண்டு கடந்துவிட்டால் உத்தரவு பெற அலைய வேண்டும். பல வீடுகளில் பிறப்பைப் பதிந்துவிட்டு, பெயர் வைக்கும் முன் வாங்கிய சான்றையே பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். அதில் 'பெண்' என்றிருக்கும், பெயரிராது. 12 மாதங்களுக்குள் என்றால் கட்டணமின்றியும், பின்னர் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். 1-10-2023 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலியவற்றுக்குப் பிறப்புச் சான்றே ஆவணம் என்று சட்டம் திருத்தப்பட்டுள்ளது. பெற்றோர்கள் இன்றே பெட்டியைத் திறந்து பார்ப்பது நலம். ஞானஸ்நானச் சான்றிதழில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் இன்னொரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் மூன்றாவதொரு பெயர் என்று வருவோரால் நம் அலுவலகத்துச் சகோதரி படும் பாட்டை நான் அறிவேன்.

வருவாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். சொத்து வரி, தொழில் வரி, காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, சந்தைக் குத்தகை இவை ஊரின் சொந்த வருமானம். சொத்து வரி அரையாண்டுக்கொருமுறை கட்ட வேண்டியது. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்திற்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும் கட்டுவோர்க்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. சொந்த வருமானம் பெரும்பாலும் சம்பளத்துக்கும் மின்கட்டணத்துக்குமே சரியாகிவிடும். சாலை, வடிகால் போன்றவற்றுக்கு மாநில நிதி ஆணையத்தின் மானியத்தையும், அவ்வப்போது வரும் திட்டப் பணத்தையும் எதிர்பார்த்திருக்க வேண்டியுள்ளது. 2022-இல் சொத்து வரியைச் சீராய்வு செய்தபோது, சென்னை நீங்கலாகப் பெரும்பாலான ஊர்களில் 600 சதுர அடிக்குட்பட்ட வீடுகளுக்கு 25 விழுக்காடு தொடங்கி, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடு வரை உயர்ந்தது. அதைக் குறித்து வீடுகளில் எழுந்த முணுமுணுப்பை நாம் அனைவரும் கேட்டோம். பெரிய வீட்டுக்கு மிகுதியும் சிறிய வீட்டுக்குக் குறைவும் என்ற முறை சரியானதே என்பது என் எண்ணம். என் வீடு சிறியது என்பதால் அப்படிச் சொல்வதாக என் கணவர் கூறுகிறார்.

இனி நம் மனுவின் கதை. பத்தாம் வகுப்பு மாணவியர் கூடி எழுதிய முதல் மனு மிக அழகாக இருந்தது. "கார்மேகம் சூழ்ந்த காலையில்" என்று தொடங்கி இரண்டு பக்கம் ஓடியது. எடுத்துச் சென்றோம். அலுவலக உதவியாளர் முழுவதும் பொறுமையாகப் படித்தார். "கட்டுரை நல்லா இருக்கும்மா. எந்த வார்டு, எந்தத் தெரு, எவ்வளவு நீளம்னு போடலியே?" என்றார். மாணவியர் முகம் வாடிவிட்டது. மறுநாள் கயிறும் அளவுகோலுமாக வாயிலுக்கு வெளியே இறங்கி அளந்தார்கள். 80 மீட்டர். இரண்டாவது மனு ஒன்பது வரிகளில் முடிந்தது. வார்டு எண், தெருப் பெயர், நீளம், நாள்தோறும் அவ்வழியே நடக்கும் மாணவியர் எண்ணிக்கை, கேட்பது என்ன என்பவை மட்டும். தபால் பதிவேட்டில் எண்ணிட்டு ரசீது கொடுத்தார்கள். தமிழாசிரியை இதைப் படித்து என்மேல் வருத்தப்படக் கூடாது. எனினும் அந்த ஒன்பது வரி அவ்வாண்டில் அவர்கள் எழுதிய சிறந்த கட்டுரை என்றே சொல்வேன்.

எண் பெற்ற மனு செயல் அலுவலரிடம் போகிறது. அவர் பொறியாளரை அனுப்பி இடத்தைப் பார்க்கச் செய்கிறார். பொறியாளர் மதிப்பீடு தயாரிக்கிறார். அதன்பின் அது மன்றப் பொருளாகிறது. மன்றம் தீர்மானம் நிறைவேற்றினால், உரிய அனுமதி பெற்று ஒப்பந்தப்புள்ளி கோருவார்கள். வேலை நடக்கும்போது அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், ஆழம் யாவும் எழுதப்படும். அந்த அளவுக்கே பணம். ஆண்டு முடிந்ததும் உள்ளாட்சி நிதித் தணிக்கையாளர் வந்து புத்தகங்களைப் புரட்டுவார். கணக்குக் காட்டாதவர்க்கு இடமில்லை என்ற உத்திரமேரூர் விதியின் பேரப்பிள்ளைகள் இவை. வேட்பாளராக நின்றவர்கூடத் தேர்தல் முடிவு வந்த 30 நாட்களுக்குள் தம் செலவுக் கணக்கைத் தராவிட்டால், மூன்றாண்டுகளுக்குத் தகுதியிழக்க நேரும்.

நம் மனு அக்டோபர் மாதக் கூட்டத்தில் பொருளாக வந்தது. மன்றம் மாதம் ஒருமுறையாவது கூட வேண்டும். மூன்று நாட்கள் முன்னதாக உறுப்பினர்களுக்கு அறிவிப்பும் பொருள் நிரலும் தர வேண்டும். மூன்றில் ஒரு பங்கு உறுப்பினர்களாவது வந்தால்தான் கூட்டம் நடக்கும். பொதுமக்கள் வந்து பார்க்கவும் சட்டம் இடமளிக்கிறது. தலைவரம்மாவிடம் சொல்லி, நானும் மாணவியர் இருவரும் பின்வரிசையில் உட்கார அனுமதி பெற்றோம்.

கூட்டத்தைப் பற்றி எங்களுக்கிருந்த கற்பனை வேறு. மேசையைத் தட்டுவார்கள், முழங்குவார்கள் என்று எண்ணினோம். நடந்ததோ வீட்டில் மாதச் செலவைப் பேசுவது போலிருந்தது. தெருவிளக்குச் சாமான் வாங்கியதற்கு ஒப்புதல், மோட்டார் பழுது பார்த்த செலவு, பிளீச்சிங் பவுடர் கொள்முதல், வாரச் சந்தைக் குத்தகை, நாய்களுக்குக் கருத்தடை. ஒவ்வொன்றாக வாசித்தார்கள், சிலவற்றில் கேள்வி எழுந்தது, பெரும்பாலானவை நிறைவேறின. மோட்டார் ஏன் ஒரே ஆண்டில் மூன்றுமுறை பழுதாயிற்று என்று ஓர் உறுப்பினர் விடாமல் கேட்டார். அந்த வினாவிற்குச் சரியான விடை கிடைக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் எழுத்து மூலம் விடை தருவதாகச் செயல் அலுவலர் ஒப்புக்கொண்டார்.

கூட்டத்திற்கு வந்திருந்தவர்களுள் சரிபாதிக்கு மேல் பெண்கள். அவர்களுள் இரண்டு மூன்று பேரின் கணவன்மார் வாயிற்படியருகே நின்று சைகை காட்டிக்கொண்டிருந்ததையும் பார்த்தோம். பல ஊர்களில் இது நடப்பதாகப் பத்திரிகைகளில் படிக்கிறோம். 1688-இல் தோன்றிய சென்னை மாநகராட்சியில் முதன்முதல் ஒரு பெண் மேயராவதற்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர் தாரா செரியன் அம்மையார். மூன்றாவது பெண் மேயர் வந்தது 2022-இல். நீண்ட காலம் பூட்டிக் கிடந்த அறைக்குள் நுழைபவர்க்குக் கண் பழகச் சிறிது நேரமாகும். ஆனால் அதற்குள் அவருடைய நாற்காலியில் வேறொருவர் உட்கார்ந்துவிடலாகாது.

எங்கள் பொருள் 14-ஆவது. பள்ளி வாயில் வடிகால் என்று வாசித்ததும் மாணவியர் இருவரும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டனர். தலைவரம்மா எங்களைப் பார்த்துப் புன்னகை செய்தார். நிறைவேறிவிட்டதென்றே நினைத்தேன். அப்போது ஓர் உறுப்பினர் எழுந்தார். இட்லிக் கடை நடத்துபவர். நம் பள்ளியில் 8-ஆம் வகுப்பு வரை படித்தவர். நமக்காகவே பேசப் போகிறார் என்று எண்ணினேன்.

"தலைவரம்மா, ஸ்கூல் வாசல்ல தண்ணி நிக்குது, வாஸ்தவம். நானும் அதுல நடந்து படிச்சவதான். ஆனா இந்த வருஷம் பணம் ஒரு வடிகாலுக்குத்தான் இருக்குன்னு ஈ.ஓ. சாரே சொல்றாங்க. நம்ம ஊரு சாக்கடைய அள்ளுறவங்க குடியிருக்கிற காலனியில சாக்கடையே கிடையாது. மழை பெஞ்சா தண்ணி வீட்டுக்குள்ள வருது. ஸ்கூல் பிள்ளைங்க அதைத் தாண்டிப் போகுதுங்க. அந்தப் பிள்ளைங்க அதுலயே படுத்துத் தூங்குதுங்க" என்றார். பின்பக்கம் திரும்பி, "டீச்சர் மன்னிக்கணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார்.

சற்று நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு சிலர் பள்ளிக்கு ஆதரவாகவும் சிலர் காலனிக்கு ஆதரவாகவும் பேசினர். கடைசியில் காலனி வடிகாலை முதலாவதாகவும் பள்ளி வடிகாலை இரண்டாவதாகவும் எடுத்துக்கொள்வதென்று தீர்மானம் எழுதப்பட்டது.

வெளியே வரும்போது எனக்குக் கோபம் இருந்ததை மறைப்பானேன்? இத்தனை மாத உழைப்பு, அளந்த கயிறு, ஒன்பது வரி மனு, எல்லாம் நம் பள்ளியில் படித்தவராலேயே தள்ளிப்போயிற்றே என்று தோன்றியது. உடன் வந்த மாணவியருள் ஒருத்தி வழியெல்லாம் பேசவில்லை. பள்ளிக்கு வந்து மதரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர்கள் கையிலிருந்த ஜெபமாலையை மேசைமேல் வைத்துவிட்டு, "காலனிப் பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர் படிக்கிறார்கள்?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. பதிவேட்டைப் பார்த்தோம். 11 பேர். அவர்களுள் ஒருத்தி 10-ஆம் வகுப்பு. மழைக்காலத்தில் அவள் அடிக்கடி பள்ளிக்கு வராமலிருந்ததற்காக நானே இருமுறை கடிந்துகொண்டிருக்கிறேன். கூட்டத்திற்கு என்னுடன் வந்து, வழியெல்லாம் பேசாமல் நடந்தவள் அவள்தான்.

மறுநாள் வகுப்பில் இதைப் பற்றி வாதம் நடந்தது. நாம் முதலில் கேட்டோம், நமக்கே முதலில் தர வேண்டும் என்று ஒரு கட்சி. கேட்கத் தெரியாதவர்களுக்காகக் கேட்கத்தானே உறுப்பினர் என்று மறு கட்சி. எங்கள் தெருவில் கேட்கத் தெரியும், கேட்டால் யாரும் எண் போட்டுத் தருவதில்லை என்று காலனி மாணவி சொன்னாள். அவளுக்கு எவரும் மறுமொழி சொல்லவில்லை. 1-11-2022 முதல் நகர்ப்புற உள்ளாட்சிகளில் பகுதி சபைகள் கூட்டும் வழக்கம் வந்திருப்பதைச் சொன்னேன். அடுத்த சபைக்கு அந்தக் காலனியிலிருந்து ஒரு மனு போக வேண்டுமென்று வகுப்பே முடிவு செய்தது. தெருவிளக்குகள் மூன்று எரியவில்லையாம். இம்முறை கயிறு தேவைப்படவில்லை. கம்பத்து எண்களைக் குறித்துக்கொண்டு வந்தார்கள்.

காலனி வடிகால் சனவரியில் கட்டி முடிந்தது. சிமெண்டு காயாமலிருக்க ஈரச் சாக்கு போர்த்தியிருந்த நாளில் வகுப்போடு போய்ப் பார்த்தோம். மாணவியர் தாங்களாகவே அளந்து, பணி விவரப் பலகையில் எழுதியிருந்த நீளத்தோடு ஒப்பிட்டார்கள். அரை மீட்டர் கூடுதலாகவே இருந்தது. அருகில் நின்ற மேஸ்திரி, "தணிக்கைக்கு வந்திருக்கீங்களா?" என்று சிரித்தார்.

இந்த மலர் அச்சுக்குப் போகும்போதும் நம் வாயிலில் செங்கற்களின்மேல் கால்வைத்துத்தான் கடக்கிறோம். புதிய நிதியாண்டின் வரவு செலவுத் திட்டத்தில் நம் 80 மீட்டர் முதலிடத்தில் இருப்பதாகச் செயல் அலுவலர் கூறினார். மோட்டார் பழுதுக்கான எழுத்து விடை இன்னும் வரவில்லையாம். அந்த உறுப்பினர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறார். மனுவின் பதிவு எண் 10-ஆம் வகுப்புக் கரும்பலகையின் வலது மூலையில் எழுதியிருக்கிறது. தேர்வெழுதி வெளியேறிய மாணவியர், அதை அழிக்க வேண்டாமென்று 9-ஆம் வகுப்பாரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள்.